வெள்ளத்தின் கடைசி மணி

தாமிரபரணி வெள்ளத்தை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்திவிட மகேஸ்வரன் அண்ணாச்சி இரண்டு லட்சம் பேசினார்.

நிறுத்த வேண்டியது கணினியில்தான். சீவலப்பேரியில் அவர் விற்கும் மனைகளில் வெள்ளம் எப்படி ஏறும் என்று சித்ரலேகா கணக்கிட்டு, மணிக்கொரு படமாகக் கோத்து ஓட்டிக் காட்டியிருந்தாள். கடைசிப் படத்தில் மனைகள் மொத்தமும் நீலம்.

“அந்த ஒண்ண மட்டும் எடுத்துரும்மா. வாங்குதவன் பயந்துருவாம்லா.”

“வீட்டக் கட்டிட்டு முங்குததுக்கு, இப்பவே பயப்படட்டும். நான் எடுக்க மாட்டேன் அண்ணாச்சி.”

அவரே மடிக்கணினியை இழுத்து அந்தப் படத்தை அழித்துவிட்டு ஓட்டினார். முடிவில் புதிதாக ஒரு படம் வந்தது. நீலம் சாலைக்கு ஏறியிருந்தது. சித்ரலேகாவின் கணக்கில் சாலையே கிடையாது.

அதையும் அழித்தார். நீலம் அவர் அலுவலகத் தெருவுக்கு வந்தது. அதையும் அழித்தார். அவர்கள் உட்கார்ந்திருந்த இந்த அறையும் அவர் நாற்காலியும் திரையில் தெரிந்தன; நீலம் வாசலைத் தாண்டியிருந்தது.

“என்னளா வித்த காட்டுத?”

“நான் கையே வைக்கல. இன்னொண்ணு அழிங்க அண்ணாச்சி.”

வெளியே நல்ல வெயில். அண்ணாச்சியின் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது.

அழித்தது மூன்று, வந்தது மூன்று. பாக்கி, நாற்காலிக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு சாண்.