மாடிப்படி வாடை

“வெஜிடேரியன்னு சொல்லித்தானேம்மா வீடு கேட்டேள்? இந்த மாசமே காலி பண்ணிடுங்கோ!”

வீட்டுக்காரர் வெங்கடசுப்ரமணியன் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடி வாசலில் நின்றார்.

அது இறால் வாடைதான் என்று மாடியில் குடியிருக்கும் தமயந்திக்குத் தெரிந்தது. ஆனால் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் இறாலைத் தொட்டதே இல்லை. இந்தத் தொம்மலூர்ப் பகுதியில் இன்னொரு வீடு தேடவும் தெம்பில்லை. ஒருவேளை கணவன் உத்தமன் வாங்கி வந்தானோ? திரும்பினாள். அவன் அவளையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரரின் மகன் ஸ்ரீஹர்ஷா தயங்கியபடி படியேறி வந்தான்.

“அப்பா, நான்தான். மாடிப்படிக்குக் கீழ வெச்சிருக்கற புது மீன்தொட்டியில ஒரு இறாலைப் போட்டிருக்கேன்.”

“அதுல மீனே இல்லையேடா! யார் திங்கறதுக்கு?”

“திங்க இல்லப்பா, அழுகறதுக்கு. அப்பத்தான் உப்புத் தண்ணியில நல்ல பாக்டீரியா வளரும். அது வளர்ந்தாத்தான் கடல் மீன் பிழைக்கும்.”

பெரியவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு தமயந்தியிடம், “நீங்க இருங்கோம்மா” என்றார்.

பாதிப்படி இறங்கியதும் மகனிடம் தணிந்த குரலில் கேட்டார்:

“ஏண்டா, துவரம்பருப்பு போட்டா அது வளராதா?”