வடிவக்காவின் பெட்டி ஆசை

திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், மேசையில் பெட்டி இல்லை.

முருகலட்சுமி மேசைக்கு அடியில் குனிந்து தேடினாள். தலையைத் திருப்பினாள். எதிர் வரிசையில் வடிவக்காவின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்து பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது அது.

“அக்கா, பெட்டி...”

“நான்தான் எடுத்து மாட்டுனேன். ஏன், ஒங்க வீட்டுச் சீரா அது?”

முருகலட்சுமி தன் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தாள்.

பெட்டி என்றால் கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து மாட்டுகிற ஹார்டு டிஸ்க். அருப்புக்கோட்டையில் அந்த நூல் மில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து, வயர் இழுத்து எல்லாவற்றையும் கோத்த பிறகு, கடைசியாக வந்து சேர்ந்தது. மில்லின் மொத்த விவரமும் அதற்குள். ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டால் போதும். மாடியில், லாரிகளுக்குப் பில் போடுகிற லோடு செக்‌ஷன் வரைக்கும் அவரவர் இடத்திலிருந்தே திறந்துகொள்ளலாம். மாட்டியிருக்கிற கம்ப்யூட்டரை அணைத்தால் மட்டும் எல்லாருக்கும் படுத்துவிடும்.

அந்தக் கம்ப்யூட்டர் இத்தனை நாளும் முருகலட்சுமியுடையது. மில்லே தன் சுவிட்சில்தான் ஓடுகிறது என்று உள்ளூர அவளுக்கு ஒரு தெம்பு.

தெம்பு வேண்டியிருந்தது. மழை ஏமாற்றிய வருஷம். பரளச்சியில் புருஷன் போட்ட மிளகாய் கருகிக் கிடந்தது. வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில். பால் குடிக்கிற பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அவள் பஸ் ஏறுவதே அதற்காகத்தான்.

டீ நேரத்தில் லோடு செக்‌ஷன் சீனிச்சாமி வந்து ஊதிவிட்டுப் போனான்.

“தங்கச்சி, சனிக்கிழம மேனேஜர் ரூமுல வடிவக்கா ஒரே சண்ட. ‘நான் இங்க தலை நரைச்சவ. நேத்து வந்தவ மேசையில பெட்டியா? எங்கிட்டக் குடுங்க’ன்னு. சாரும், ‘இந்தம்மாவுக்கு இந்த வயசுல பெட்டி ஆசையப் பாரு’ன்னு சிரிச்சிக்கிட்டே குடுத்துட்டாரு.”

“நான் என்னண்ணே தப்புப் பண்ணுனேன்?”

“தப்பு எதுக்கு? அவுக அக்கா மக கம்ப்யூட்டர் கிளாஸ் முடிச்சிட்டு வீட்டுல சும்மா இருக்காளாம். இன்னிக்குப் பெட்டி. நாளைக்கு நாற்காலி. பாத்துக்க.”

சாயங்காலம் மணி அடித்ததும் வடிவக்காவே ஆரம்பித்தாள்.

“என்னடி முழிச்சுக்கிட்டு இருக்க? ஒன் வேலை முடிஞ்சுச்சுல்ல? அணைச்சுட்டுக் கிளம்பு. ஒன்ன யாரும் இங்க பிடிச்சு வைக்கல.”

விரட்டவே ஆரம்பித்துவிட்டாள்!

அன்றைக்கு மட்டுமில்லை. தினமும் இதே விரட்டல்தான்.

“என்ன மதினி, இப்பல்லாம் வெளிச்சத்துலயே வந்துர்றீக?” என்றாள் வீட்டு வாசலில் நாத்தனார் மாயக்காள். “முன்னெல்லாம் இவன் அழுது அழுது தூங்கிப் போவான்.”

பிள்ளை தாவி மடியில் விழுந்து குடித்தான். அவளுக்கோ நினைப்பெல்லாம் அந்த நாற்காலி மேல். கான்வென்டில் படித்தவள், பயம் வந்தால் இன்னமும் மாதாவைத்தான் கூப்பிடுவாள். ‘மாதாவே, அந்த அக்கா கண்ணுல இருந்து என் வேலையக் காப்பாத்து’ என்று கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு வாங்கிய கிரைப் வாட்டர் பாட்டில் மேசை டிராயரிலேயே இருக்கிறது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

ஆபீஸ் காலி. ஒரே ஒரு டியூப்லைட். அதற்குக் கீழே வடிவக்கா.

வேலை எதுவும் பார்க்கவில்லை. தோளில் பை, காலில் செருப்பு. கிளம்பத் தயாராக, வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மாடியிலிருந்து சீனிச்சாமியின் குரல்.

“யக்கா, இன்னும் ரெண்டு லோடு பாக்கி! அணைச்சிராதீக!”

“அணைக்கல, அணைக்கல! ஒரு நாளாவது பொழுதோட லோடு ஏத்துறீகளாடா? எம் பந்தல்குடி பஸ்ஸு இன்னிக்கும் போச்சு!”

முருகலட்சுமி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். போன வாரம் வரை அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அவள்.

“அக்கா...”

வடிவக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். “நீ இன்னும் போகலியா?”

“பாட்டில டிராயர்லயே மறந்துட்டேன். அக்கா, எனக்காகவா பெட்டிய வாங்குனீக?”

“பின்ன? போன வாரம் சாயங்காலம் முந்தானைய இழுத்து இழுத்து மூடிக்கிட்டு உக்காந்திருந்தியே. ரவிக்க நனைஞ்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்?”

முருகலட்சுமிக்குக் கண் நிறைந்தது.

“சார்ட்ட அதச் சொல்லியே கேட்டிருக்கலாமேக்கா. உங்களப் போயி எல்லாரும் ஆசை பிடிச்சவுகன்னு...”

“பிள்ளைக்காரி, சீக்கிரம் போகணும்னு சொன்னா ஆளையே மாத்திருவாரு. எனக்குப் பெட்டி ஆசைன்னேன். பெட்டிய மட்டும் மாத்துனாரு.”

“நானும் உங்கள மனசுக்குள்ள...”

“திட்டுனியா? மிச்சத்த பஸ்ஸுல போயித் திட்டு.” எழுந்து வந்து முருகலட்சுமியின் டிராயரைத் திறந்து பாட்டிலை எடுத்து அவள் கையில் திணித்தாள் வடிவக்கா. “பெட்டி எவ மேசையில இருந்தாலும் வயரு வழியா எல்லாருக்கும் போயிரும். தாய்ப்பாலு போகுமாடி? ஓடு!”