தைல வாடை

மாஸ்க்கை மாட்டுவதற்கு முன் அவள் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

யாரும் வரவில்லை.

தைலக்குப்பியைத் திறந்து, விரலில் தொட்டு, மூக்குக்குக் கீழே அழுத்தித் தேய்த்தாள். கண் எரிந்தது. அதன் மேல் மாஸ்க். இனி எந்த வாடையும் உள்ளே வராது.

பிறகுதான் பாக்கியத்தாச்சியின் அறைக்குள் போனாள்.

இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டவள் ஆச்சி. அவளை ஒருக்களித்துப் பிடித்து, டயப்பர் மாற்றி, துடைத்து, மறுபடி நேராகக் கிடத்த வேண்டும். அந்த முதியோர் இல்லத்தில் இவளுக்குக் கொடுத்திருந்த வேலை அதுதான். நர்சிங் படிக்க இடம் கேட்டுப் போனபோது, அங்கிருந்த சிஸ்டர்தான் இங்கே அனுப்பிவைத்தாள். லீவு முடியும்வரை வேலை பார், உன் வயிறு தாங்குகிறதா என்று தெரிந்துகொண்டு வா என்றாள்.

தாங்கவில்லை.

அதை இவள் யாரிடமும் சொல்லவில்லை. தலைவலி, அதனால்தான் தைலம் என்று சொல்லிவைத்திருந்தாள்.

“ஒனக்குத் தலவலி மூக்குலயா வரும்?” என்று கேட்டாள் கூட வேலை பார்க்கும் செல்லக்கனி.

இவள் சிரித்துச் சமாளித்தாள். சின்னப் பிள்ளைதானே.

போர்வையை விலக்கினாள். ஆச்சியின் டயப்பரில் ஈரம் மட்டும்தான், வேறொன்றும் இல்லை.

நேற்றும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும்.

மறைப்பானேன், முதலில் அது இவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மதியம் கஞ்சியோடு போனால், ஆச்சி மூன்றாவது நாளாக வாயை இறுக மூடிக்கொண்டாள். செல்லக்கனி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், கொழுந்தியாளைப் போலக் கேலியும் பேசிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. நாளைக்கும் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

ஆச்சியும் அதைக் கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தாள். மூடினாள். டம்ளரை இடம் மாற்றி வைத்தாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரே ஒரு வாய் ஆச்சி என்றாள்.

ஆச்சி திரும்பாமலே சொன்னாள்.

“ஏட்டி, நான் தின்னாத்தான நீ தைலம் தேய்க்கணும்?”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். மாஸ்க் இல்லை. கையிலிருந்த தைலக்குப்பியை ஆச்சியின் தலையணைக்கடியில் செருகினாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.

ஆச்சி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

பாதிக் கிண்ணம் குடித்தாள்.

மறுநாள் காலையில் இவள் போர்வையை விலக்கினாள். அன்றும் ஈரம் மட்டும்தான். ஆச்சியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

ஆச்சி காலைக் கஞ்சியும் குடித்தாள். மதியம் குழைந்த சோறும் கொஞ்சம் உள்ளே போயிற்று. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, குழாயைப் பற்றிப் பேசாமல் போய்விட்டார்.

இவளுக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை. துணி மடித்தாள், பாதியில் விட்டாள். ஆச்சியின் அறையைத் தாண்டும்போதெல்லாம் நின்றாள். மூக்கை உள்ளே நீட்டி, மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

வெறும் டெட்டால் வாடை.

கடவுளே, வரட்டும்.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தது. நடைவரைக்கும் வந்தது.

மடித்த துணிகளைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

கையுறை மாட்டி ஆச்சியை ஒருக்களித்தபோது வயிறு புரட்டியது. தொண்டை வரை ஏறியது. விழுங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. முகத்தை மட்டும் திருப்பவில்லை.

துடைத்தாள். ஈரம் போக ஒற்றினாள். பவுடர் போட்டாள். நேராகக் கிடத்தினாள்.

ஆச்சியின் கை மெல்லத் தலையணைக்கடியில் போய்த் துழாவியது.

குப்பி வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆச்சி கையை எடுத்துக்கொண்டாள். இவள் பக்கம் தலையைத் திருப்பினாள்.

ராத்திரிக்கு என்ன பலகாரம் என்று கேட்டாள்.