ராணி குதித்த கிணறு

இடிந்த கோட்டைக்குள் ஒரு கிணறும் பக்கத்திலேயே ஒரு கல்வெட்டும் இருந்தன. யானைகளைக் குளிப்பாட்ட வெட்டிய கிணறு என்று கல்வெட்டில் எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

எதிரிக்கு அஞ்சி ஒரு ராணி அந்தக் கிணற்றில் குதிப்பதாக ஒரு சினிமா வந்தது. அடுத்த வாரமே கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு உள்ளே எட்டிப் பார்த்து "ராணி" என்று கத்தினார்கள். கிணறும் "ராணி" என்றது. அதைச் செல்போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

"ஏன்யா இப்படிப் புளுகுற? உனக்குள்ள எந்த ராணி விழுந்தா?" என்று கல்வெட்டு சீறியது.

"அவங்க சொன்னதத்தானே திருப்பிச் சொன்னேன். நீ வேணா உண்மையச் சொல்லேன்" என்றது கிணறு.

"சொல்லத்தான் நிக்கிறேன். யாராவது படிக்கணுமே."

மறுநாள் ஒரு பெண் வந்து கல்வெட்டின் தூசியைத் துடைத்தாள். கல்வெட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவள் எழுத்தெல்லாம் மறையும்படி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, "ராணியம்மா, என் பொண்ணுக்கு நல்ல இடம் அமையணும்" என்று கும்பிட்டாள். ஆடி மாதத்துக்குள் பட்டுப்பாவாடையும் எலுமிச்சை மாலையும் வந்து சேர்ந்தன.

"இப்பச் சொல்லு, எந்த ராணி?" என்று கேட்டது கிணறு.

மாலைக்குள்ளிருந்து கல்வெட்டு சொன்னது: "தங்கமான மனுஷி. குதிக்கிறப்பகூட என்கிட்ட சொல்லிட்டுத்தான் குதிச்சா."