அணைக்கக் கூடாத டிராக்டர்

காலை ஒன்பது மணிக்கு ஸ்டார்ட் செய்த டிராக்டரை மசூது பதினொன்றரை ஆகியும் அணைக்கவில்லை.

வாங்க வந்தவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெயர் சங்கரேஸ்வரி, ஊர் சுந்தரபாண்டியபுரம், வயது நாற்பது இருக்கும். மடியில் ஒரு கான்வாஸ் உறை. அதில் ஸ்பேனர்கள் வரிசையாகச் செருகியிருந்தன. நடுவில் ஒரு இடம் மட்டும் காலி.

வண்டி பார்க்க வருகிறவள் ஸ்பேனரோடு வருகிறாளே என்று மசூதுக்கு அப்போதே எங்கேயோ உதைத்தது.

வண்டி ஒன்றும் மோசமில்லை. தென்னந்தோப்புக்குள்ளேயே உழைத்துக் கிழடான சின்ன டிராக்டர். தோப்பைத் தாண்டாததால் நம்பர் பலகைகூடக் கிடையாது. இப்போது நீலம், சுரண்டினால் பச்சை, அதற்கும் அடியில் சிவப்பு. ஓடும்போது தங்கம். அணைத்தால்தான் வினை. எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும், உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல ‘ணங், ணங், ணங்’ என்று மூன்று தடவை சத்தம் வரும்.

செங்கோட்டை மெக்கானிக் எஞ்சினைத் தாங்கும் ரப்பரை மாற்றினார். தென்காசி மெக்கானிக் ஃப்ளைவீலைக் கழற்றி மாட்டினார். மூன்றாமவர், சைலன்சருக்குள் டீசல் வெடிக்கிறது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். சத்தம் யாருக்கும் மசியவில்லை. அதைக் கேட்டுவிட்டு, வாங்க வந்த நாலு பேர் வந்த வழியே திரும்பிப் போயிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மசூதுக்குத் துபாய் விமானம். அதற்குள் வண்டி போகாவிட்டால் இந்தப் புளியறைச் சாரலில் நனைந்து துருப்பிடித்தே சாகும். மனைவி மாஜிதா துபாய்க்குப் போன் போட்டு அதைத் தினமும் சொல்லிக் காட்டுவாள். சொல்லிக் காட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஆகவே இந்தத் தடவை ஒரு யோசனை வைத்திருந்தான். அணைத்தால்தானே சத்தம்?

“ஒரு தடவ ஆஃப் பண்ணுங்களேன் தம்பி.”

“ஓடுத வண்டிய எதுக்குக்கா நிறுத்திக்கிட்டு? அது பாட்டுக்கு ஓடட்டும்.”

சொல்லிவிட்டு, அணைக்கும் கம்பியை முதுகால் மறைத்தபடி நின்றுகொண்டான். சாரல் விழுந்தது. நனைந்தானே தவிர நகரவில்லை.

மாஜிதா இரண்டாம் தடவை டீ கொண்டுவந்தாள். “என் பக்கத்துலகூட இவரு இவ்வளவு நேரம் நின்னது கெடையாதுக்கா” என்று சங்கரேஸ்வரியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சங்கரேஸ்வரி அவசரப்படவில்லை. விலை கேட்கவில்லை. டயரை உதைத்துப் பார்க்கவில்லை. எஞ்சின் பக்கம் கண்ணே போகவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மசூது ஒன்றை மறந்துவிட்டான். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு என்று, காலையில் ஒரே ஒரு லிட்டர் டீசல்தான் ஊற்றியிருந்தான்.

எஞ்சின் இருமியது. மூச்சு வாங்கியது. அவன் ஆக்சிலேட்டரைப் பிடித்து என்னென்னவோ செய்து பார்த்தான். வண்டி அவனையும் சேர்த்துக் குலுக்கிவிட்டு நின்றது.

ணங். ணங். ணங்.

போச்சு என்று தலையைத் தொங்கப்போட்டான். நிமிர்ந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே சிரிக்கவும் செய்தாள்.

எழுந்து வந்தவள், உறையிலிருந்து ஒரு ஸ்பேனரை உருவிச் சீட்டின் இரண்டு போல்ட்டையும் கழற்றினாள். அதன் அடியிலிருந்த தகட்டில் ஒரு ஓட்டை இருந்தது, சின்னப் பிள்ளையின் கை மட்டும் நுழையும். நுனி வளைத்த கம்பி ஒன்றை அதற்குள் விட்டு மெதுவாகத் துழாவினாள். கம்பியில் மாட்டிக்கொண்டு ஒரு ஸ்பேனர் வெளியே வந்தது. கிரீஸைத் துடைத்தாள். கைப்பிடியில் உளியால் குத்திய ‘சு’.

“எங்க அப்பா பேரு சுடலையாண்டி. பன்னெண்டு வயசுல நாந்தான் இத உள்ள போட்டேன்.”

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. ஸ்பேனரைக் காணோம் என்றதும் அப்பா தம்பியைச் சந்தேகப்பட்டார். பேச்சு முற்றி, வண்டியை விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எதிரெதிர் வீடு, இருபத்தெட்டு வருஷமாகப் பேச்சில்லை. அடிக்குப் பயந்து வாயை மூடியிருந்த சங்கரேஸ்வரி, வளர்ந்தபிறகு ஒருநாள் உண்மையைச் சொன்னாள். சித்தப்பாவுக்குப் பரிந்துகொண்டு பொய் சொல்கிறாள் என்று அப்பா அவளோடும் ஒரு மாதம் பேசவில்லை.

அன்றிலிருந்து பழைய டிராக்டர் விற்பனைக்கு என்றால் போய்விடுவாள். அணைக்கச் சொல்லி, உள்ளே ஸ்பேனர் தட்டுகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். இது பதினேழாவது வண்டி.

மசூதுக்கு மனம் இளகியது. அடுத்த நிமிடமே கணக்குப் போட்டான். ஸ்பேனர் கிடைத்துவிட்டது, இனி இவளுக்கு வண்டி எதற்கு?

சங்கரேஸ்வரி அதை உறையின் காலி இடத்தில் செருகிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. பிறகு உருவி, பழையபடி ஓட்டைக்குள்ளேயே போட்டுச் சீட்டை மாட்டினாள்.

“கையில கொண்டு குடுத்தா, ‘சு’ன்னு நீயே குத்திக் கொண்டாந்தியாம்பாரு. அவரே ஆஃப் பண்ணட்டும், அவரே கேக்கட்டும், அவரே எடுக்கட்டும். வண்டிய ஏத்துங்க தம்பி.”

பணம் கைமாறி, மதியம் குட்டியானை வேன் வந்து வாசலில் நின்றது.

ஏற்றுவதற்கு முன் மசூது டேங்கில் இன்னொரு லிட்டர் டீசல் ஊற்றினான். குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து, கம்பியை இழுத்து அணைத்துவிட்டு, சீட்டில் காதை வைத்துக் கேட்டான்.

ணங். ணங்.

மூன்றாவதைக் காணோம்.

குட்டியானைக்காரனைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஸ்டார்ட் செய்தான்.