இளைக்க மறுத்தவள்

"ரெண்டே வழிதான். மூணு மாசம் வெறும் சூப்புல இருக்கணும், இல்லேன்னா கம்பாலா பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கணும். ரெண்டும் இல்லேன்னா இந்தச் சர்க்கரை ஒரு வருஷம்கூட விடாது" என்றார் டாக்டர்.

"ரெண்டும் வேணாம்" என்றாள் நூற்று நாற்பது கிலோ நபடான்ஸி.

"வாயைக் கட்ட முடியலேன்னு சொல்லேம்மா!" என்று மகள் நலுவோகா சீறினாள்.

"வாழைக்காய் விக்கிறவ குச்சியா இருந்தா எவடி வாங்குவா?" என்று சிரித்தாள் நபடான்ஸி.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள். கதவு மூடியதும் நபடான்ஸியின் சிரிப்பு நின்றது.

"இவ அப்பா எய்ட்ஸ்ல எலும்பாகிச் செத்தார், டாக்டர். அடுத்தது நான்தான்னு சந்தையே என் உடம்பை உத்துப் பாத்துச்சு. தின்னு தின்னுதான் ஊர் வாயை அடைச்சேன்."

பைக்குள்ளிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பார்த்ததுமே டாக்டருக்குப் புரிந்தது.

"உங்களுக்குமா? எத்தனை வருஷமா?"

"பத்தொம்பது. மகளுக்குத் தெரியாது. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ நான் இளைச்சா மாப்பிள்ளை வீட்டுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல, அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

புட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இப்படியே போயிட்டா, 'தின்னே செத்தா'ன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும்."