வெடக்கோழிக்குப் பப்பாளி

டங்... டங்... டங்...

கல்லின் மேல் இரும்பு விழும் சத்தம். மத்தியானத் தூக்கம் கலைந்த எரிச்சலோடு ஆத்தாயி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏம்புள்ள வசந்தாமணி, ஊட்டுக்குள்ள பட்டறை போட்டுட்டயா?"

"பழைய குடைக்கம்பிய நிமித்தறனுங்க அத்தை," என்று சமையல்கட்டிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "உங்க மகன் நாக்பூர்ல தின்னதாச் சொன்னாங்களே, கம்பிக்கோழி! தயிரும் மசாலும் தடவி ஊறவெச்சு, கம்பில கோத்து, கங்குல சுடோணுமாமா."

லோடு ஏற்றப் போன ராசப்பன் ஊர் ஊராய் ருசி பார்த்துக்கொண்டு திரிகிறானா என்று மகன் மேல்தான் ஆத்தாயிக்குக் கோபம் வந்தது. மருமகள் மேல் வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் முழுகாமல் இருக்கிறாள். வாய்க்குப் பிடித்ததைச் செய்து தின்னட்டும்.

பக்கத்து வீட்டுப் பாவாயிக்கு அது பொறுக்குமா? வேலிக்கு மேல் தலை நீட்டினாள்.

"ஆத்தாயக்கா, காலைல உன்ற மருமவ எங்க மரத்துல பப்பாளிக்கா பறிச்சுட்டுப் போனாளே, எதுக்குன்னு கேட்டயா?"

"பப்பாளிக்காயா!"

"பழமில்லீக்கா, பால் வடியற காய். நான் ஒண்ணுஞ் சொல்லலே சாமி, நமக்கெதுக்கு வம்பு!" என்றவள், வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

ஆத்தாயி கட்டிலைவிட்டுத் துள்ளி எழுந்தாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குள் அந்தக் காயை யாராவது கொண்டுவருவார்களா? சமையல்கட்டுக்கு ஓடினாள். முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்த வசந்தாமணி, பாதி துருவிய காயைச் சட்டென்று முறத்துக்கு அடியில் தள்ளினாள்.

"என்னடி அது?"

"கறி மெதுவாகறதுக்குங்க அத்தை. இதைப் பெசறி வெச்சா பஞ்சாட்ட ஆயிருமுங்க."

"எனக்கே சமையல் சொல்லித் தர்றயா? கெழட்டுச் சேவலுக்குப் போட்டா, சரிங்கலாம். நீ அறுத்தது வெடக்கோழி! இன்னம் முட்டைகூட வெக்காத குஞ்சு. தானாவே வேகும். அதுக்கெதுக்குடி பப்பாளி?"

வசந்தாமணி பாவாயியைப் பார்த்தாள்.

"கேக்கறாங்கல்ல, சொல்லு புள்ள," என்றாள் பாவாயி.

"ஆறு வருசம் கழிச்சு வந்த உசுருடி. இந்தக் காயை வாயில வெச்சயா?" ஆத்தாயி மருமகளின் தாடையைப் பிடித்து வாயைப் பார்த்தாள்.

"ஐயோ, இல்லீங்க அத்தை! இது... உங்க மகனுக்குத்தானுங்க. அவுங்களுக்குப் பல்லு ஆடுதுங்க."

பாவாயி கைகொட்டிச் சிரித்தாள். "இந்த வயசுலயேவா? ஆத்தாளப் பாரு, இன்னமும் கரும்பைக் கடிச்சுத் துப்பறேன்னு ஊரெல்லாஞ் சொல்லீட்டுத் திரியறா. மகனுக்குப் பல்லு ஆடுதாமா!"

இதை நாலு வீட்டுக்குச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். பறந்தாள்.

ஆத்தாயி பல்லைக் கடித்தாள். "எம் மகனுக்காடி பல்லு ஆடுது? முந்தாநேத்துத்தான் கொட்டைப்பாக்கைக் கடிச்சு ஒடைச்சான்."

"அவுங்களுக்கு ஒரு பல்லும் ஆடலீங்க அத்தை." வசந்தாமணி வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பொங்கல்லருந்து நீங்கதான் கறி வெறுத்துப்போச்சுன்னு எல்லாத்தையும் என்ற தட்டுல தள்ளறீங்க. கடவாய்ப் பல்லு போனது எனக்குத் தெரியுமுங்க. இது பூரா உங்களுக்குத்தானுங்க. எனக்குக் கோழி வாசமே ஆவறதில்லீங்களே!"

ஆத்தாயி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மருமகளை மெல்ல நகர்த்திவிட்டு, முறத்துக்கு அடியிலிருந்து காயை எடுத்து, மீதியைத் துருவ உட்கார்ந்தாள்.